நான் எண்டா ஆர்?

வேலிப் படலைக்கு வெளியே நின்று யாராவது கூப்பிட்டால் அவர் எழும்பி வரமாட்டார். இருந்த இடத்திலிருந்தே "ஆர்?" என்று கேட்பார். வந்தவர், எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுபோல, "அது நான்தான்" என்பார். "நான் எண்டா ஆர்?" என்று திரும்பக் கேட்பார். பெயரைச் சொன்னாலும் விடமாட்டார். "கடைசியா என்னை எங்கை கண்டனீங்கள்?" என்று அடுத்த கேள்வி வரும். உச்சி வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுசனுக்கு எப்படி இருக்கும்? எங்கள் அலுவலக வாகனச் சாரதி ஒருமுறை, "உங்கடை மாமனார் வந்து நிக்கிறன், வந்து திறவுங்கோ" என்று கத்திவிட்டு, கொண்டுவந்த பொதியை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பெயரைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்ததாகிவிடுமா என்று அவரே கேட்பார். நெட்டை உருவம். கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிய அரைக்கைச் சட்டை. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் அவரை "அண்ணை" என்பேன். அவர் என்னைத் "தங்கச்சி" என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு சின்னத் தொண்டு அலுவலகத்தில் ஒன்றாக வேலை செய்தோம். இருதய வருத்தமுள்ள பிள்ளைகள், கண் தெரியாமல் போகிறவர்கள், பழைய காயத்தோடு இழுபடுகிறவர்கள் என்று வருகிறவர்களின் விபரங்களை நான் கணினியில் பதிவேன். அது வவுனியாவிலிருந்த எங்கள் கிளைக்குப் போகும். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் நாள் எடுத்துத் தருவார்கள். வருத்தக்காரரின் விபரம் என்பதால் வெளியாள் ஒருவரும் வழியில் வாசிக்காதபடி பூட்டுப்போட்டுத்தான் அனுப்பவேண்டும். கூரையில் ஒரு தட்டு அன்ரெனா, பின்பக்கம் ஒரு ஜெனரேற்றர், நடுவில் இரண்டு கணினிகள். அந்தக் கணினிகளும் வவுனியாவும் பூட்டுப்போட்டுப் பேசிக்கொள்ளும்படி பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும்.

ஒருநாள் வவுனியாக்காரர் தங்கள் கணினியை மாற்றிவிட்டார்கள். அதோடு எங்கள் இணைப்பு அறுந்துபோனது. இந்தப் பூட்டு வேலையைச் செய்கிற நிரல்களின் தொகுப்பை நூலகம் என்பார்கள். அவர்களிடம் இருந்தது புது நூலகம். எங்களிடம் இருந்தது பழையது. பழைய பூட்டில் ஏதோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்களாம், அதனால் புதுக் கணினி எங்கள் பூட்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புது நூலகத்தின் மூலநிரல் சீடியில் ஏறி, வவுனியாவிலிருந்து பஸ்ஸில், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்து சேர்ந்தது. அதை எங்கள் கணினியில் புதிதாகக் கட்டவேண்டும். அவர் அப்படித்தான் சொல்வார், "கட்டுறது" என்று.

கட்டத் தொடங்கினால் திரையில் வரிகள் மழைபோல ஓடும். காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஓடும். பிறகு பொத்தென்று நிற்கும். அலுவலகத்தை நடத்திய எங்கள் இணைப்பாளர் ஓடிவந்து கடைசி வரியை வாசித்து, "இந்தா, பிழை இதிலைதான்" என்பார். அண்ணை கடைசி வரியைப் பார்க்கவே மாட்டார். மேலே மேலே போய், ஆக முதல் வந்த பிழையில் போய் நிற்பார்.

"முதல் பிழைதான் பிழை. மிச்சமெல்லாம் அதின்ரை ஒப்பாரி," என்பார்.

அந்தமுறை ஒருவழியாகக் கட்டி முடிந்தும், நிரல் எழும்பியவுடனேயே விழுந்தது. திரும்பக் கட்டினார். திரும்ப விழுந்தது. பிறகுதான் கண்டுபிடித்தார். பழைய நூலகத்தின் அளவுகள் எழுதிய கோப்புகள் கணினிக்குள் ஒரு மூலையில் அப்படியே கிடந்திருக்கின்றன. நிரல் அதை வாசித்துத் தன்னைச் செய்துகொண்டு, ஓடும்போது புது நூலகத்தைப் போய்ப் பிடித்திருக்கிறது. "பழைய பூட்டிலை அளவெடுத்துப் புதுப் பூட்டுக்குத் திறப்பு வெட்டினா, பூட்டுத் திறக்குமே தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பதிந்த விபரங்கள் குவிந்துபோய்க் கிடந்தன. ஜெனரேற்றர் எண்ணெய் குடித்துக்கொண்டு கத்தியது. பழையதை எல்லாம் துடைத்தெடுத்துத் திரும்பக் கட்ட இன்னும் நாள் வேண்டும் என்றார்.

உடையார்கட்டிலிருந்து ஒரு தாய் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து உழக்கிக்கொண்டு வருவாள். பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை. உதடு நாவற்பழம் தின்றதுபோல இருக்கும். வந்து வாங்குப் பலகையில் இருந்து, "நாள் வந்திட்டுதோ அக்கா?" என்று கேட்பாள். நான் என்ன சொல்ல? கணினிக்குள் பூட்டுப் பிரச்சினை என்றா?

எனக்குத் தெரியும், ஒரு சுருக்கு வழி இருந்தது. இணைப்பாளருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருப்பது உண்மையிலேயே எங்கள் வவுனியாக் கிளைதானா என்று சோதிக்கிறதை நிறுத்திவிட்டால் தற்காலிகமாக வேறு வழியால் அனுப்பலாம். அனுப்புவது பூட்டியபடிதான் போகும்.

"அந்தக் கண்டறியாத சோதினையை நிப்பாட்டிவிடும் காணும்," என்றார் இணைப்பாளர். "பூட்டுத்தானே இருக்கு."

"பூட்டு இருக்கும் ஐயா. ஆருக்குப் பூட்டி அனுப்புறம்?"

"வவுனியாவுக்கு."

"வவுனியா எண்டு எப்பிடித் தெரியும்?"

"விசர்க்கதை கதையாதையும். வேறை ஆர் அங்கை இருக்கப்போறாங்கள்?"

"காதுக்குள்ளை ரகசியம் சொல்லுறம் ஐயா. ஆற்றை காது எண்டு பாக்காமல் சொல்லேலாது," என்றார் அண்ணை. குரலை உயர்த்தவில்லை. சோதனையை நிறுத்தவும் இல்லை.

நானும் சேர்ந்து கத்தினேன். "கோதாரி விழுந்த உங்கடை நியாயத்தாலை அந்தப் பிள்ளை செத்துப்போகும்" என்றேன். அவர் என்னிடமிருந்த அச்சுப் பிரதிகளை எடுத்து ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனார். கிளையில் போய்க் கையில் கொடுத்தார். அங்கேயும் விடவில்லையாம். வாங்க வந்த பெண்ணிடம், "நீங்கள் ஆர் தங்கச்சி?" என்று கேட்டு, உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லி, அதன்பிறகுதான் கொடுத்தாராம். அந்தப் பெண் பிறகு எனக்குப் போன் எடுத்து, "உங்கடை ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள். பிள்ளைக்கு நாள் கிடைத்தது. தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணையின் கையை அவளுக்குப் பிடிக்கத் தோன்றவில்லை. அவர் கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சோதிக்கிற மனுசனை அரை மணித்தியாலம் ஏமாற்றியது ஒன்று உண்டு. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

மாதம் ஒருமுறை வவுனியாக் கணினி தன்னை இன்னார் என்று காட்ட ஒரு புதுச் சான்றிதழ் செய்துகொள்ளும். அண்ணை அதை அடையாள அட்டை என்பார். அது புதிதாக வருகிற அன்றைக்கு எங்கள் கணினி கைகொடுக்காது. "கைகுலுக்கல் தோல்வி" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எல்லாரும் ஓடித்திரிவோம். இணைப்பாளர் கணினியை நிறுத்தித் திரும்ப எழுப்புவார். சாரதி கூரையில் ஏறி அன்ரெனாவைத் தட்டுவார். நான் பிள்ளையாருக்கு நேர்ந்துகொள்வேன். ஒரு அரை மணித்தியாலம் கழித்துத் தானாகவே சரிவந்துவிடும். அந்த நேரம் யார் என்ன செய்துகொண்டிருந்தாரோ அவருக்குத்தான் புகழ். சாரதி தன்னை ஒரு கணினி நிபுணர் என்றே நம்பத் தொடங்கிவிட்டார். அண்ணை மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார். "தானாச் சரிவாறது ஒரு நாளும் சரிவந்ததில்லை," என்பார்.

ஒருமுறை வவுனியா போய் வந்த மறுநாள், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி தன் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. தேத்தண்ணி சிந்தியது.

அந்த நாட்களில் எங்களுக்கு இரண்டு நேரம் இருந்தது. வவுனியாப் பக்கம் அரசாங்கம் கொண்டுவந்த புது நேரம். இயக்கம் ஆண்ட எங்கள் பக்கம் பழைய நேரம், அரை மணித்தியாலம் பின்னால். எல்லை கடக்கிறவர்கள் எல்லாரும் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் அந்தமுறை திருப்ப மறந்திருந்தார். எங்கள் கணினிக்கு உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்துப்போனதால், காலையில் அவர்தான் சுவரைப் பார்த்து நேரம் வைப்பார். சுவரில் பழைய நேரம். ஆனால் கணினியோ தான் கொழும்பு நேரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அதன் கணக்கில் உலகமே அரை மணித்தியாலம் பிந்தி நடந்தது. வவுனியா அப்போதுதான் செய்து அனுப்பிய அடையாள அட்டையைப் பார்த்து, "இது இன்னும் பிறக்காத ஆளின்ரை அட்டை" என்று தள்ளிவிட்டிருக்கிறது. அரை மணித்தியாலம் போனதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கணினியின் இடத்தைச் சென்னை என்று மாற்றினார். அங்கேயும் எங்கள் பழைய நேரம்தான். அதன்பிறகு பிரச்சினை வரவில்லை. "எங்களிலை இது ஒண்டுதான் வெளியிலை போற பாஸும் இல்லாமல் படகும் இல்லாமல் இந்தியாவுக்குப் போய்ச் சேந்தது," என்று நான் சொன்னேன். சாரதிக்கு மட்டும் பெரிய மனவருத்தம். அவருடைய நிபுணத்துவம் அதோடு போயிற்று.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு பொழுதில்தான் நான் வாயை விட்டேன். "அது சரி அண்ணை, உங்கடை படலையிலை நிக்கிற சனத்துக்கும் ஏன் இந்தச் சோதினை?" என்று கேட்டேன். தோள் குலுங்குவது நின்றுவிட்டது.

வவுனியாவில் இருந்த காலத்தில், பின்னேரம் ஒருநாள், படலையில் நின்று இவருடைய தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். தெரிந்த குரல் மாதிரி இருந்ததாம். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "உன்ரை சினேகிதப் பெடியன் போலை கிடக்கு, போய்ப் பார்" என்று இவர்தான் சொன்னாராம். கழுவாத கையோடு போனவன், திரும்பி வரவில்லை.

"ஆர் அண்ணை அது?"

"அதைத்தான் தங்கச்சி நான் கேக்கேல்லை," என்றார்.

அதன்பிறகு நான் அவரைப் பகிடி பண்ணவில்லை என்று சொன்னால் பொய். பண்ணினேன். ஆனால் படலை விஷயத்தைத் தொடவில்லை.

லண்டனில் அவருக்கு ஒரு அக்கா இருந்தா. எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் இருந்த தொலைபேசிக் கடைக்கு ஞாயிறு தவறாமல் அழைப்பு எடுப்பா. அந்த நாட்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு யார் யாரோ போன் எடுத்து, தம்பி என்றும் மருமகன் என்றும் சொல்லிக் கதை பிடுங்குவது நடந்தது. அந்த அக்காவும் ஒருமுறை ஏமாந்து, அண்ணைதான் பேசுகிறார் என்று நினைத்து யாரோ ஒருவனிடம் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிவிட்டா. அண்ணைக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த ஞாயிறு நானும் அந்தக் கடையில் என் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவர் அக்காவுக்குச் சட்டம் போட்டார்.

"இனி நான் போனிலை வந்த உடனை நீ ஒரு கேள்வி கேக்கவேணும். நான் ஒரு பதில் சொல்லுவன். அதுக்குப் பிறகுதான் கதை."

அக்கா அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. "அம்மான்ரை பேரைக் கேக்கட்டோ?"

"அது ஊருக்கே தெரியும். எங்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியவேணும். எண்டைக்கும் மாறாத பதிலா இருக்கவேணும்." கொஞ்சம் யோசித்தார். "குட்டி என்ன செய்யிறாள் எண்டு கேள். கோழிக்குஞ்சோடை கதைக்கிறாள் எண்டு நான் சொல்லுவன்."

"அவள் எந்த நேரமும் கோழிக்குஞ்சோடையே கதைச்சுக்கொண்டிருப்பாள்?"

"அவள் என்ன செய்தாலும் பதில் அதுதான். வேறை பதில் வந்தா நான் இல்லை. போனை வை. அழுதாலும் வை அக்கா. என்ரை குரல் மாதிரியே இருந்தாலும் வை."

குட்டி என்பது அவருடைய ஒரே மகள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் தாய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தார். பால்மா ரின் ஒன்றுக்குள் வைக்கோல் போட்டு, அதற்குள் ஒரு குஞ்சையும் கொண்டுவந்திருந்தாள். மேசைக்குக் கீழே இருந்து அதற்கு அன்றைய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அது எழும்பி ஓடப் பார்த்தால், "இரு, ரீச்சர் இன்னும் போகச் சொல்லேல்லை" என்று அதட்டினாள். எனக்கு வேலை ஓடவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகப்பனிடம் அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. அதை என்னிடம் தீர்ப்புக்குக் கொண்டுவந்தாள்.

"அன்ரி, போன கிழமை லண்டன் மாமி போன் எடுத்தவா. நான் அப்பாக்குப் பக்கத்திலை ஐஸ்பழம் குடிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பா சொல்லுறார், நான் கோழிக்குஞ்சோடை கதைக்கிறனாம். மாமிக்கு ஏன் பொய் சொல்லுறார்?"

"அது பொய் இல்லை குட்டி," என்றார் அவர். "அதைச் சொன்னாத்தான் மாமிக்கு நான் அப்பா எண்டு தெரியும்."

"பொய் சொன்னாத்தான் தெரியுமோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிச் சிரித்தேன். தீர்ப்பு அவளுக்குத்தான்.

பிறகு இரண்டு பக்கத்து நேரமும் ஒன்றானது. அந்த வருஷமே சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையும் பூட்டப்பட்டது. சீடி வராது, பற்றரி வராது, எண்ணெய் வராது. வவுனியாக் கணினி ஒவ்வொரு முறை மாறியபோதும் அவர் இருந்ததை வைத்து ஒட்டுப்போட்டு எப்படியோ பேசவைத்தார். அப்போதும் சோதனையை நிறுத்தவில்லை. கடைசியில் கூரையில் தட்டும் இல்லை, கூரையும் இல்லை. கிளிநொச்சியை விட்டுச் சனம் கிழக்கே நகரத் தொடங்கியபோது அவர் ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் மனைவியோடும் மகளோடும் போவதைக் கண்டேன். குட்டி வளர்ந்திருந்தாள். கையில் கோழிக்கூடு ஒன்று இருந்தது. கை காட்டினாள்.

நான் பட்டதை இங்கே எழுதப்போவதில்லை. எல்லாரும் பட்டதுதான்.

சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த செட்டிகுளத்து முகாமில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அவரைத் திரும்பக் கண்டேன். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கவில்லை. முதுகுப் பக்கமிருந்து "அண்ணை" என்று கூப்பிட்டேன். அவர் "ஆர்?" என்று கேட்கவில்லை. திரும்பி நேரே என்னிடம் வந்துவிட்டார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"குட்டி இல்லைத் தங்கச்சி," என்றார். "வலைஞர்மடத்திலை விட்டிட்டு வந்திட்டன்."

குட்டியைப் பறித்த அதே எறிகணைச் செல்லில் மனைவிக்கும் வயிற்றில் காயம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் அவரை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இவரை ஏறவிடவில்லை. எந்த ஆஸ்பத்திரி, இருக்கிறாவா இல்லையா, ஒன்றும் தெரியாது. முகாமை விட்டு வெளியே போக ஒருவருக்கும் அனுமதி இல்லை. கேட்கிற இடமெல்லாம் கேட்டுவிட்டார். லண்டனில் இருக்கிற அக்காவுக்குச் சொன்னால் அவா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் எடுத்துத் தேடுவா. அது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

பக்கத்துக் கூடாரத்து மனுசி ஒரு கைத்தொலைபேசியை அரிசிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தா. நான் போய்க் கெஞ்சினேன். "சார்ஜ் முடியப்போகுது பிள்ளை, கெதியாக் கதைச்சிட்டுத் தரச் சொல்லு," என்றா. அதில் காதில் வைத்துக் கேட்கிற இடம் பழுது. ஒலிபெருக்கியில்தான் கதைக்கலாம். கூடாரத்துக்குள் மத்தியான வெக்கையில் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு அவரும் நானும் குந்தியிருந்தோம். இலக்கம் அவருக்கு மனப்பாடம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் அழுத்தினேன்.

அக்கா எடுத்தா.

"அக்கா, நான் தம்பி."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான். கேக்குதே? செட்டிகுளத்திலை நிக்கிறன்."

"உன்ரை பேர் சொல்லி ரெண்டு பேர் எடுத்திட்டாங்கள்," என்றா அக்கா. குரல் கல்லாக இருந்தது. "குட்டி என்ன செய்யிறாள்?"

அவர் வாயைத் திறந்தார்.

"அக்கா... மனிசியைக் காயத்தோடை கப்பலிலை ஏத்தினது. எங்கை எண்டு தெரியேல்லை. நீதான் அக்கா தேடவேணும்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. குட்டி என்ன செய்யிறாள்?"

அவர் அழத் தொடங்கிவிட்டார். காணாமல்போன தன் தம்பியைப் பற்றிச் சொன்ன அன்றுகூட அவர் அழவில்லை.

"அழாதை. அழுதாலும் நம்பாதை எண்டு என்ரை தம்பி சொன்னவன். நீ அவனெண்டாச் சொல்லு. இல்லாட்டி வைக்கப்போறன்."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "சொல்லுங்கோ. மனிசியைத் தேடவேணும். சொல்லுங்கோ." திரையில் சார்ஜ் கோடு கண்ணைச் சிமிட்டியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கோழிக்குஞ்சோடை கதைக்கிறாள்."

"ஐயோ என்ரை தம்பி!" என்று அந்தப் பக்கம் வீடே அதிரக் கத்தினா அக்கா. "என்ரை ராசா! இருக்கிறியே! எல்லாரும் இருக்கிறியளே! நான் கும்பிட்ட தெய்வமெல்லாம்..." அவர் இடைமறித்து மனைவியின் முழுப்பெயரையும், கப்பல் புறப்பட்ட இடத்தையும், காயம் எங்கே என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு அந்த அக்கா தேடித்தேடி ஒரு ஆஸ்பத்திரியில் அவர் மனைவியைக் கண்டுபிடித்தது அந்த விபரத்தை வைத்துத்தான். அவ்வளவும் சொல்லும்வரை அண்ணையின் குரல் அலுவலகத்தில் பேசுகிற குரல்போலவே இருந்தது.

"தேடுறன். இப்பவே தேடுறன். நீ குட்டியிட்டை ஒருக்காப் போனைக் குடு. குரலைக் கேட்டாக் காணும் எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். போனை என் கையில் வைத்துவிட்டு முழங்கால்களுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

நான் என்ன செய்யட்டும்?

"அக்கா," என்றேன். "நான் தம்பியோடை கிளிநொச்சியிலை வேலை செய்தனான். அவரால சொல்ல ஏலாமல் கிடக்கு அக்கா. குட்டி இல்லை. வலைஞர்மடத்திலை செல் விழுந்து..."

போன் செத்துவிட்டதோ என்று பார்த்தேன். சாகவில்லை.

"நீங்கள் ஆர்?" என்றா அக்கா.

என் பெயரைச் சொன்னேன். அலுவலகத்தைச் சொன்னேன். அந்தத் தொலைபேசிக் கடையைச் சொன்னேன். பால்மா ரின்னைக்கூடச் சொன்னேன்.

"அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. தம்பி இப்பத்தானே சொன்னவன், அவள் கோழிக்குஞ்சோடை கதைக்கிறாள் எண்டு. தன்ரை வாயாலை சொன்னவன்." குரல் உடையத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவா விடவில்லை. "ஆரெண்டு தெரியாத ஆக்கள் சொல்லுறதை நான் நம்பமாட்டன்."

தம்பி சொல்லிக்கொடுத்திருந்தபடியே, அழுதுகொண்டே, போனை வைத்தா.